செவ்வாய்க்கிழமைக் கொத்தும் விதி பதினைந்தும்

உலகக் கால்பந்து வரலாற்றில், அரைநேர இடைவேளையில் ஒரு துண்டுத் தோடம்பழத்துக்கு மேல் தன் வீரர்களுக்கு எதையும் கொடுக்காத ஒரே அணி சங்குவளை இந்துக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளை அணிதான். இதை அன்புராசா ஆவேசப்பட்டுச் சொல்வதில்லை. தன் இரத்த வகையைச் சொல்வதுபோலச் சொல்வார். அந்தத் தோடம்பழத்தையும் நான்காக அல்ல, எட்டாக வெட்டுவார். நான்காக வெட்டினால் பார்க்கிறவர்களுக்குச் சலுகை மாதிரித் தெரியும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

அன்புராசா அந்த அணியின் மனேஜர். வயது ஐம்பத்தொன்று. ஸ்காபுரோவில் கார் ஓட்டப் பழக்குவது தொழில். அவருடைய வெள்ளைக் கொரோலாவின் கூரையில் ‘அன்பு டிரைவிங் ஸ்கூல், பயப்படாமல் வாருங்கள்’ என்று மஞ்சள் போர்ட் ஒன்று இருக்கும். பதினான்கு வருடமாக மனேஜராக இருக்கிறார். அதில் பதினொரு வருடம் அணி முதற்சுற்றிலேயே வெளியே வந்தது. மிச்ச மூன்று வருடம் மழையால் அட்டவணை குழம்பியது.

கல்லூரிக் கிண்ணம் என்பது ரொறொன்ரோவில் கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் ஒரு போட்டி. ஊரிலிருக்கிற கல்லூரிகளின் பெயரில் இங்கே பிறந்த பிள்ளைகள் விளையாடுவார்கள். தாயோ தகப்பனோ அந்தக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும். அதற்கு ஆதாரமாக அவர்களுடைய பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தை லமினேற் செய்து வீரர் பட்டியலோடு போட்டிக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே ஒரு பெடியன் எவ்வளவு வேகமாக ஓடுவான் என்பதைவிட, அவனுடைய அம்மா எந்த வருடம் எந்த வகுப்போடு படிப்பை விட்டார் என்பதுதான் மனேஜர்மாருக்கு முக்கியம். தாய் ஒரு கல்லூரி, தகப்பன் இன்னொரு கல்லூரி என்றால் பெடியன் எந்தப் பக்கமும் போகலாம். ஒவ்வொரு வருடமும் புதிதாக முடிவெடுக்கலாம். இப்படிக் கலந்து கட்டிய குடும்பங்களின் விபரத்தை அன்புராசா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். கலியாணத் தரகர்கள்கூட அவரிடம் வந்து விசாரிப்பதுண்டு.

போட்டிக்கான விதிகளை ஏழு வருடத்துக்கு முன் எழுதியவரும் அவர்தான். வேறு யாருக்கும் நேரமிருக்கவில்லை. விதி பதினான்கு அவருடைய பெருமை: ‘வீரர்களுக்கு உணவோ, போக்குவரத்தோ, தொழில்சார் சேவையோ இலவசமாகவோ விலை குறைத்தோ வழங்கப்படலாகாது.’ தொழில்சார் சேவை என்பதை ஒரு பல் வைத்தியரை மனதில் வைத்துச் சேர்த்தார். அந்த வைத்தியர் வேறொரு கல்லூரியின் முன்வரிசை ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் முன்வரிசைப் பல்லைச் சும்மா கழுவிவிட்டார் என்று அப்போது ஒரு கதை இருந்தது.

விதி பதினைந்து அவசரத்தில் எழுதியது. அந்த வருடம் ஆட்டத்தன்று காலையில் சங்குவளை அணி முழுவதும் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் யாரோ கொடுத்த அன்னதானத்தைச் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தது. விதி பதினான்கின்படி அணியை நீக்க வேண்டும் என்று எதிரணி எழும்பியது. அன்புராசா அங்கேயே ஒரு கடுதாசியில் எழுதினார்: ‘நேர்த்திக்கடனாக வழங்கப்படும் எதுவும் சலுகையாகக் கருதப்படமாட்டாது.’ எல்லாரும் சாமிக் குற்றத்துக்குப் பயந்து கையெழுத்து வைத்தார்கள். அணி தப்பியது. பாயாசம் குடித்துவிட்டு ஓடியதில் ஏழு கோல் வாங்கியது வேறு விஷயம்.

இந்த வருடம் நிலைமை வேறு. மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் சங்கத் தலைவர் தம்பிமுத்து, கால்பந்தை நிறுத்திவிட்டுக் கரோக்கே இரவு வைத்தால் உறுப்பினர்கள் கூடுதலாக வருவார்கள் என்று பிரேரணை கொண்டுவந்தார். முதியோர் பகுதியிலிருந்து கைதட்டல் வந்தது. கடைசியில் ஒரு சமரசம்: இந்த முறை அணி முதற்சுற்றைத் தாண்டினால் இருக்கட்டும், தாண்டாவிட்டால் கலைக்கப்படும். முதற்சுற்றில் எதிரணி யாரென்று சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். இலந்தைமுனை மத்திய கல்லூரி. ஏழு வருடத்தில் ஆறு கிண்ணம் எடுத்தவர்கள்.

ஊரில் அன்புராசா மூன்று வருடம் கல்லூரி அணியின் மேலதிக வீரராக இருந்தவர். ஒரு நிமிடமும் மைதானத்துக்குள் இறங்கவில்லை. மூன்று வருடமும் தண்ணீர்ப் போத்தல் தூக்கினார். இந்த அணியும் போனால் அவரை யாரும் எதற்கும் கூப்பிடப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் நன்றாகப் பாட மாட்டார் என்பதும் தெரியும்.

இலந்தைமுனை அணியின் மனேஜர் நீக்கிலாஸ். அஜின்கோர்ட்டில் ஷெப்பேர்ட் வீதியில் ரேக்கவுட் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவர் வீரர்களுக்கு என்னவோ கொடுக்கிறார் என்ற கதை மே மாதம் தொடங்கியது. அதைக் கொண்டு வந்தவர் சங்குவளை அணியின் உதவிப் பயிற்சியாளர் கிருபன். நாற்பது வயது, நல்ல மனிதர், கேட்டதை அப்படியே சொல்லும் பழக்கம் மட்டும் இல்லை.

முதலில் மட்டன் றோல்ஸ் என்றார்கள். ஒரு வீரனுக்கு இரண்டு. அடுத்த கிழமை அது கொத்துரொட்டியானது. சலூனில் முடி வெட்டப் போன ஒருவர் கொத்துரொட்டியோடு வின்ரர் ரயர் நான்கும் என்று கேள்விப்பட்டு வந்தார். யூலை மாதத்தில் விளையாடுகிறவனுக்கு வின்ரர் ரயர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் ரயருக்கு மேலே கார் பூட்டப்பட்டது. யூன் முடிவதற்குள் கோல்காப்பாளனுக்கு ஒரு ஹொண்டா சிவிக்கும், அவனுடைய அக்காவின் கலியாணத்துக்கு மண்டபமும், தாலிகட்டுக்கு நாதஸ்வரமும் கிடைத்திருந்தன. அவனுக்கு அக்கா இல்லை.

ஒவ்வொன்றையும் அன்புராசா கவனமாகக் கேட்டுத் திகதி போட்டுக் கொப்பியில் எழுதினார். பிறகு மைதானத்தில் தன்னுடைய பெடியன்களை வட்டமாக நிற்க வைத்து, சோற்றுக்கும் கறிக்கும் விளையாடுகிறவர்களைப் பற்றிப் பேசினார். நீக்கிலாசின்ர பெடியங்களுக்கு இனி ஜேர்சிக்குப் பின்னால் நம்பர் தேவையில்லை, சாப்பாட்டு ஓடர் நம்பர் போதும் என்றார். பெடியன்கள் பசியோடு கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

யூலை முதற்கிழமை அவர் போட்டிக் குழுவுக்கு ஒன்பது பக்கத்தில் முறைப்பாடு எழுதினார். அதில் ‘ஊழல்’ பதினேழு தரமும் ‘நாகரிகம்’ நான்கு தரமும் வந்தன. குழுவின் செயலாளர் ஷாமிலா சட்டத்தரணி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறவர். இரண்டு வரியில் பதில் அனுப்பினார். முறைப்பாடு கிடைத்தது, ஆதாரம் இருந்தால் அனுப்பவும், வீரர் பட்டியலுக்குக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை ஆறு மணி.

ஆதாரம் எடுப்பதற்காக அன்புராசா செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு நீக்கிலாசின் கடைக்கு எதிரே இருந்தார். சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்பதால் சஜிதாவை வைத்துக்கொண்டு இருந்தார். சஜிதா அவரிடம் கார் பழகும் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அன்று அவளுக்கு ஹைவே பாடம். ஆனால் ஐம்பது நிமிடமாக அந்தக் கடை வாசலுக்கு எதிரே ஒரு சாம்பல் வானுக்கும் ஒரு குப்பைத் தொட்டிக்கும் நடுவில் பார்க் பண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், நான் இதை, லைக், பதினொரு தரம் செய்திட்டன்,” என்றாள்.

“அடிப்படை முக்கியம் பிள்ளை. இன்னொருக்கா.”

“ஹைவே எப்ப?”

“ஹைவேயிலயும் ஒரு நாள் பார்க் பண்ண வேண்டி வரும்.”

கடைக்குள் இருந்து இலந்தைமுனைப் பெடியன்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் வெள்ளைப் பொதி. அன்புராசா போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்தார். கார் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்ததால் பாதிப் படத்தில் குப்பைத் தொட்டி விழுந்தது. ஏழாவது பெடியனுக்குப் பிறகு ஊன்றுகோலோடு ஒரு அம்மா பொதியோடு வந்தார். பிறகு சீருடையோடு ஒரு தபால்காரர். பிறகு இரண்டு சீனக் கிழவர்கள். அணி பெரிதாகத்தான் இருக்கிறது என்று அன்புராசா நினைத்தார்.

அடுத்ததாக வெளியே வந்தவன் சஞ்சீவன்.

சங்குவளை அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். பத்தொன்பது வயது. போன மூன்று வருடத்தில் அந்த அணி மொத்தமாக அடித்த கோல் ஐந்து, ஐந்தையும் அடித்தவன் அவன். அம்மா மனோரஞ்சிதம் சங்குவளையில் பத்தாம் வகுப்புவரை படித்தவர். அப்பா இலந்தைமுனை. அன்புராசாவின் கொப்பியில் முதற்பக்கத்தில் இருக்கும் குடும்பம். இப்போது அவன் சங்குவளைப் பயிற்சி ஜேர்சியோடு நீக்கிலாசின் கடை வாசலில், இரண்டு கையிலும் இரண்டு பொதியோடு நின்றான்.

அன்புராசா ஆசனத்தில் கீழே வழுக்கினார். அவர் ஏன் வழுக்குகிறார் என்று திரும்பிப் பார்த்த சஜிதாவின் முழங்கை ஹோர்னில் பட்டது. ஷெப்பேர்ட் வீதி முழுக்கக் கேட்டது. சஞ்சீவன் கூரையிலிருந்த மஞ்சள் போர்ட்டைப் பார்த்துவிட்டு வீதியைக் கடந்து வந்தான்.

“ஹாய் அங்கிள். என்ன, சீற்றுக்குக் கீழ ஏதும் விழுந்திட்டுதோ?”

“சமநிலை பாக்கிறன்,” என்றார் அன்புராசா.

அவனுக்குப் பின்னால் நீக்கிலாசும் வந்துவிட்டார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து கார்க் கண்ணாடிக்குள் ஒரு பொதியை நீட்டினார். முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் அன்புராசாவுக்கு ஆகக் கூடுதலாக எரிந்தது.

“அன்புராசா, ஏன் வெளியில நிக்கிறீர், உள்ளுக்கு வாருமன். செவ்வாய்க்கிழமை. அந்தோனியாருக்கு நேர்த்தி. மனிசிக்கு ஒப்பரேசன் சுகமாய் முடிஞ்சால் ஒரு வருசம் செவ்வாய்க்கிழமையில வாற ஆக்கள் எல்லாருக்கும் சாப்பாடு குடுக்கிறன் எண்டு வைச்சனான். உம்மட பெடியங்களையும் அனுப்பும். மரக்கறியும் இருக்கு.”

அன்புராசா தான் விரதம் என்றார். சஜிதா நன்றி சொல்லிப் பொதியை வாங்கிக்கொண்டாள். மனைவியின் சுகத்தை விசாரிக்க வேண்டும் என்று அன்புராசாவுக்குத் தோன்றியது, ஆனால் விசாரித்தால் முறைப்பாடு பலவீனப்படும். நீக்கிலாஸ் போனபிறகு சஞ்சீவனைப் பார்த்து, இது என்ன கோலம் என்று கேட்டார்.

சஞ்சீவன் ஒளித்துப் பேசும் ஆள் இல்லை. இந்த வருடம் அப்பாவின் கல்லூரிக்கு விளையாடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். கொத்துக்காக இல்லை. ஏஜக்ஸில் ஒரு வெயார்ஹவுஸில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பஸ் போகாத இடம். லைசன்ஸ் இருந்தால்தான் வேலை. போனமுறை றோட் ரெஸ்ற்றில் பார்க்கிங்கில் ஃபெயில். அடுத்த ரெஸ்ற் திங்கட்கிழமை. நீக்கிலாசின் மருமகன் கடை வானில் அவனைக் கொஞ்சம் பழக்குகிறானாம். வான் பெரிது, பின்னால் ஒன்றும் தெரியாது, அண்டா வேறு உருளும். ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு அது பரவாயில்லை.

“என்னட்டை வந்திருக்கலாமே,” என்றார் அன்புராசா.

“வந்தனான் அங்கிள். ஏப்ரலில. ஃபுல் ஃபீஸ் இப்ப ஏலாது, வேலை கிடைச்சாப்பிறகு தாறன் எண்டு கேட்டனான். நீங்கள் றூல் ஃபோர்ட்டீன் எண்டு சொன்னீங்கள். பிறகு அதை எனக்கு பிரின்ற் பண்ணியும் தந்தீங்கள்.”

அது உண்மை. லமினேற் செய்தும் கொடுத்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் முழுக்கக் கொத்து மணம். சஜிதா சிவப்பு விளக்குகளில் ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். காரை ஓட்டிக்கொண்டு சாப்பிடக்கூடாது என்று அவர் சொன்னார். அவள் பொதியை அவரிடம் பிடிக்கத் தந்தாள். ஷெப்பேர்ட்டிலிருந்து மக்கோவன் வீதிவரைக்கும் நீக்கிலாசின் நேர்த்திக்கடனை மடியில் வைத்துக்கொண்டு அன்புராசா இருந்தார். சூடாக இருந்தது.

அன்றைக்கே ஷாமிலாவுக்குப் போன் எடுத்தார். ஆதாரம் கையில் இருக்கிறது, படம் இருக்கிறது, சம்பந்தப்பட்டவரே வாயால் ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றார். ஷாமிலா படங்களைப் பார்த்துவிட்டு, குப்பைத் தொட்டிக்கும் இலந்தைமுனைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். பிறகு ஒன்பது பக்கத்தையும் வாசித்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய குரலில் களைப்பு இருந்தது.

“அண்ணை, வாற ஆக்கள் எல்லாருக்கும் குடுக்கிறார். அதுவும் நேர்த்திக்கு. விதி பதினைஞ்சு. கீழ உங்கட கையெழுத்துத்தான் முதலாவதாய் இருக்கு.”

“அது கோயிலுக்கு எழுதினது தங்கச்சி.”

“கோயில் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. ‘எதுவும்’ எண்டு இருக்கு.”

“நேர்த்தி எண்டு சொல்லிப்போட்டு எதையும் குடுக்கலாமோ? நாளைக்கு ஒருத்தன் காரைக் குடுத்திட்டும் நேர்த்தி எண்டுவான். பிடிச்சுக்கொண்டு நிக்க ஒரு சாமியைத் தேடிக்கொண்டால் போதும், உலகத்தில ஊழலே இல்லை. எனக்குச் சிரிப்பு வருது.”

“உங்கட விதிப்படி சொல்லலாம் அண்ணை,” என்றார் ஷாமிலா. “வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஒஃபிஸ் பூட்டிடுவம்.”

அன்புராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை முழுக்க அவர் கண்ட எல்லார்மேலும் எரிந்து விழுந்தார். மஞ்சள் விளக்குக்கு நிறுத்திய ஒரு பிள்ளைக்கு ஏன் நிறுத்தினாய் என்று ஏசினார். ஏழு வருடமாக யாரும் வாசிக்காத விதிகளை முதல் தரமாக ஒருவர் வாசித்திருக்கிறார், அதுவும் அவருக்கு எதிராக வாசித்திருக்கிறார். ஒழுங்காக நடக்கிறவனுக்கு இந்த உலகத்தில் ஒரு கொத்துரொட்டிக்குக்கூட வழியில்லை என்று மனைவி நிரூபாவிடம் சொன்னார். வீட்டில் கொத்துரொட்டி வேண்டுமென்றால் நேரடியாகக் கேட்கலாம் என்று நிரூபா சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் தம்பிமுத்து போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வாழ்த்துச் சொன்னார். வாழ்த்தி முடித்த கையோடு, கரோக்கே இயந்திரம் மலிவாக வந்ததால் வாங்கிவிட்டதாகவும், அதை வைக்க இடமில்லாமல் இருக்கிறதாகவும், ஜேர்சிப் பெட்டிகள் இருக்கிற அலுமாரியை எப்போது காலியாக்கலாம் என்றும் கேட்டார். பின்னணியில் யாரோ சுருதி சேராமல் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்புராசா கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். பத்துப் பேர் இருக்கிறார்கள். அதில் இருவர் வேகமாக ஓட மாட்டார்கள், ஒருவன் ஓடவே மாட்டான். சஞ்சீவன் இல்லாமல் பதினோராவது ஆளாகக் கிருபனைத்தான் போட வேண்டும். கிருபனுக்கு முழங்காலில் தண்ணீர். ஊரில் அந்த மூன்று வருடமும் தான் உட்கார்ந்திருந்த வாங்கு, அதில் பெயின்ற் உரிந்த இடம், அங்கிருந்து பார்த்தால் கோல் கம்பத்தில் பாதிதான் தெரியும் என்பது எல்லாம் அவருக்கு ஞாபகத்துக்கு வந்தன.

மூன்று மணிக்குச் சஞ்சீவனுக்குப் போன் எடுத்து, அம்மாவின் விடுகைப் பத்திரம் இன்னும் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, அப்பாவுடையதோடு ஒரே ஃபைலில் இருக்கிறது என்றான். அம்மா எதை விரும்புகிறார் என்றார். அம்மா தன்னுடைய பத்திரத்தைத்தான் மேலே வைத்திருக்கிறார், அப்பாவுக்குக் கிரிக்கெட் மட்டும்தான் என்றான். அன்புராசா, வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு அந்தப் பக்கம் ஒரு அலுவலாக வருவதாகவும், கார் வெறுமையாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சென் ஜேம்ஸ் ரவுணுக்கு அவர் பத்து நிமிடம் முந்தியே போனார். சஞ்சீவன் இருக்கும் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தாமல் ஒரு வீதி தள்ளி, மரத்துக்குக் கீழே நிறுத்தினார். இறங்கி நாலாபக்கமும் பார்த்தார். பிறகு கூரையிலிருந்த மஞ்சள் போர்ட்டைக் கழற்றினார். கார் பழக்கத் தொடங்கிய பதினெட்டு வருடத்தில் கார் கழுவுகிற நேரத்தைத் தவிர அதைக் கழற்றியதில்லை. பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்து எடுத்து, டிக்கிக்குள் தோடம்பழப் பையோடு வைத்து, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினார். கூரையில் போர்ட் இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் பளிச்சென்ற வெள்ளையாக இருந்தது. அதையும் மூடலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.

சஞ்சீவன் ஃபைலோடு வந்தான். கூரையைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. சாரதி ஆசனத்தில் இருந்தான். அன்புராசா கண்ணாடிகளைச் சரிபார்க்கச் சொன்னார், ஆசனத்தை இரண்டு அங்குலம் முன்னுக்கு எடுக்கச் சொன்னார், தோளுக்கு மேலால் பார்க்காததால்தான் போனமுறை ஃபெயில் என்றார். ஒரு மணித்தியாலம் வெல்லெஸ்லி, ஷேர்போன் வீதிகளில் சுற்றினார்கள். இரண்டு கார்களுக்கு நடுவில் நான்கு தரம் பார்க் பண்ணினான். முதல் தரம் சில்லு நடைபாதைக் கல்லில் ஏறியது. நாலாவது தரம் ஒரு சாண் இடைவெளியில் நேராக நின்றது. அன்புராசா கதவைத் திறந்து குனிந்து அளந்து பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அவர் யாருக்கும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. இந்தப் பெடியன் பந்தைப் பார்ப்பதுபோல வீதியைப் பார்க்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை. புகழ்ச்சியும் விதி பதினான்குக்குள் வருமோ என்று தெரியவில்லை.

பிறகு ஹைவே ஏறாமல் டான்ஃபோர்த் வழியாக ஸ்காபுரோவுக்கு விடச் சொன்னார். ஷாமிலாவின் அலுவலகம் அஜின்கோர்ட்டில்.

“அங்கிள், திங்கட்கிழமை ரெஸ்ற்றுக்கும் இந்தக் கார் தருவீங்களோ?”

“ஏழு மணிக்கு வாறன்.”

“ஃபீஸ் எவ்வளவு?”

அன்புராசா பக்கக் கண்ணாடியில் எதையோ கவனமாகப் பார்த்தார்.

“ஒண்டும் வேண்டாம். இது ஒரு நேர்த்தி.”

விக்ரோரியா பார்க் சந்தியில் சிவப்பு விழுந்தது. சஞ்சீவன் மெதுவாக நிறுத்தினான்.

“எந்தச் சாமிக்கு அங்கிள்?”

“றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு.”

“எதுக்கு வைச்சனீங்கள்?”

“அதை வெளியில சொல்லக்கூடாது. பச்சை விழுந்திட்டுது, எடு.”

ஷெப்பேர்ட்டை நெருங்கியபோது நேராகப் போனால் நீக்கிலாசின் கடை வாசலைத் தாண்ட வேண்டும். கொஞ்சம் மேலே போய் ஹன்ரிங்வூட் வீதியால் சுற்றிப் போகச் சொன்னார். குடிமனைப் பகுதி, ஓட்டிப் பழக நல்லது என்று காரணமும் சொன்னார். திரும்பிய நேரத்தில் காருக்குள் போன் மணியடித்தது. கிருபன். அன்புராசா தடுக்கும் முன் அது தானாகவே காரின் ஸ்பீக்கரில் எடுத்துக்கொண்டது.

கிருபன் மூச்சு வாங்கினார். ஒரு முக்கியமான கதை, இப்போதுதான் மரக்கறிக் கடையில் கேள்விப்பட்டாராம். இலந்தைமுனையில் ஒரு பெடியனுக்குச் சும்மா கார் ஓட்டப் பழக்குகிறார்களாம்.

“கொத்து முடிஞ்சு இப்ப தொழில்சார் சேவையில இறங்கிட்டாங்கள் அண்ணை. வெள்ளைக் காராம். போர்ட்டும் இல்லையாம். முறைப்பாட்டில இதையும் சேர்ப்பமோ?”

சஞ்சீவன் இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பழக்கியபடியே தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

“ஆதாரம் இருக்கோ கிருபன்?” என்றார் அன்புராசா.

ஆதாரம் என்று இல்லை, ஆக்கள் கதைக்கிறார்கள் என்றார் கிருபன். ஆதாரம் இல்லாமல் ஆக்களைப் பற்றிக் கதைப்பது சரியில்லை என்று அன்புராசா சொன்னார். பதினான்கு வருடத்தில் கிருபன் இப்படி ஒரு வசனத்தைக் கேட்டதில்லை. சுகமில்லையோ அண்ணை என்று கேட்டார். வேலையில் நிற்கிறேன் என்று சொல்லி அன்புராசா போனை வைத்தார்.

ஆறு மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அலுவலகக் கட்டடத்துக்கு முன்னால் இரண்டு கார்களுக்கு நடுவில் ஒரு இடம் இருந்தது. பின்பக்கம் விசாலமான பார்க்கிங் முழுக்கக் காலியாக இருந்தது. அன்புராசா முன்பக்கத்தைக் காட்டினார்.

சஞ்சீவன் தோளுக்கு மேலால் பார்த்தான். மெதுவாகப் பின்னுக்கு எடுத்தான். டாஷ்போர்ட்டில் வைத்திருந்த மனோரஞ்சிதத்தின் விடுகைப் பத்திரம், லமினேற் செய்தது, வழுக்கிக்கொண்டு அன்புராசாவின் பக்கம் வந்தது. அவர் அதைக் கையால் பிடித்து, ஓரத்தைத் துடைத்து, வீரர் பட்டியலுக்குள் செருகினார். கார் நின்றது. ஒரு சாண்.

அவர் உடனே இறங்கவில்லை. பின் ஆசனத்திலிருந்து ஒரு டிஃபினை எடுத்தார். நிரூபா மத்தியானம் கட்டித் தந்த கொத்துரொட்டி, இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அதைச் சஞ்சீவனின் மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியை மேலே ஏற்றச் சொன்னார். மணம் வெளியே போகாது.